ஆஸ்பெனா, தேங்காய்ச் சில்லா, வெறும் காகிதமா: வளர்ப்புப் பாம்புக்கு எந்தப் படுக்கை?

என்னிடம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்த பால் பைத்தான் (ball python, பந்து மலைப்பாம்பு) சட்டை உரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நல்லபடியாக உரித்தால் சட்டை மூக்கிலிருந்து வால் வரை ஒரே உறையாகக் கழன்று வரும். எனக்குக் கிடைத்ததோ பொரிந்த சுண்ணாம்புச் சுவரிலிருந்து உதிர்ந்தவை மாதிரி ஒரு கை நிறையத் துண்டுகள். வால் நுனியில் ஒரு வளையம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையோடு உரிய வேண்டிய, இடது கண்மேல் இருந்த பழைய தோல்மூடியும் போகவில்லை.

கூண்டில் போட்டிருந்தது ஆஸ்பென் மரச்சீவல். பக்கத்துக் கூண்டிலிருந்த கார்ன் பாம்பு அதே மூட்டையிலிருந்து எடுத்த சீவலில் சுரங்கம் தோண்டிக்கொண்டு, மாசு மறுவில்லாமல் சட்டை உரித்துக்கொண்டு ராஜா மாதிரி இருந்தது. சரி, பைத்தானுக்கு ஈரம்தான் போதவில்லை என்று காலையும் மாலையும் சீவல்மேல் தண்ணீர் தெளித்தேன். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சணம்.

சீவல் மேலும் தப்பில்லை, பாம்பு மேலும் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டவன்மேல்தான் தப்பு. அதனால்தான் “பாம்புக்கு எது பாதுகாப்பான படுக்கை?” என்று யாராவது கேட்டால் பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிறேன். என்ன பாம்பு? அதன் கூண்டில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும்?

தரையில் என்ன இருக்கிறது

நாய் தூங்கும்போதுதான் படுக்கைக்கு வரும். பாம்பு படுக்கையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. அடிவயிறு முழுக்க இரவும் பகலும் அதிலேயே கிடக்கிறது, அதிலேயே கழிக்கிறது, பல சமயம் அதற்குள்ளேயே புதைந்தும் கிடக்கிறது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகள்களைத் தொட்டெடுத்து மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. படுக்கையில் என்ன கலந்திருந்தாலும் அது பாம்பின் வாய்க்குள் போய்ச் சேரும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சு விஷயம் இன்னும் கொஞ்சம் கவலைக்குரியது. பெரும்பாலான பாம்புகளுக்கு ஒழுங்காக வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றுதான். பைத்தான், போவா வகைகளுக்கு இடதும் உண்டு, ஆனால் சிறியது. உதரவிதானம் கிடையாது. நம்மைப் போல ஒரு இருமு இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. தூசியும் காரமான வாசனையும் கழிவின் அம்மோனியாவும் உள்ளே போனால் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டும்.

தோலுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ஈரம் குறைந்தால் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிஞ்சி, கூடவே அழுக்கும் சேர்ந்தால் அடிவயிற்றுச் செதில்கள் சிவந்து, பழுப்பேறி, புண்ணாகும். பாம்பு வளர்ப்பவர்கள் இதைச் செதில் அழுகல் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே போட்ட வரப்புதான் படுக்கை.

வரப்பு எங்கே போட வேண்டும் என்பது பாம்புக்குப் பாம்பு மாறும். கார்ன் பாம்புக்கும் பல வகை கிங் பாம்புகளுக்கும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். மேற்கத்திய ஹாக்நோஸ் பாம்பு அதைவிட வறட்சியை விரும்பும். 30 முதல் 50 வரை. பால் பைத்தானுக்கு 60 முதல் 80 வரை வேண்டும். பிரேசில் ரெயின்போ போவா 75க்குக் கீழே போனாலே வாடிவிடும்.

இதில் பால் பைத்தான்தான் பலரையும் ஏமாற்றுகிறது, என்னையும் ஏமாற்றியது. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிப் பாம்பு என்று படித்துவிட்டு, அப்படியானால் வறண்ட இடம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது பகல் முழுக்கப் புல்வெளியிலா கிடக்கிறது? எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கேயும் நிஜம்தான். புற்றுக்கு வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே காற்று ஈரமாகவே இருக்கும், சுவரும் தரையும் மட்டும் சொதசொதப்பாக இருக்காது. காற்றில் ஈரம், வயிற்றுக்கடியில் உலர்ந்த தரை. பைத்தானுக்குப் படுக்கை தேடும்போது இந்த இரண்டையும் சேர்த்துத் தரக்கூடியதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆஸ்பெனால் அது ஆகாது.

கடையிலேயே விட்டுவிட வேண்டியவை

சீடார் சீவலை எந்தப் பாம்புக்கும் போடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அந்த மணம் நமக்குப் பிடிக்கும், பூச்சியும் அண்டாது. பூச்சியை விரட்டும் அதே எண்ணெய்கள்தான் மூடிய கூண்டுக்குள் பாம்பின் மூச்சுக்குழாயை அரிக்கும். சீடார் என்ற பெயரில் வருவதெல்லாம் உண்மையான தேவதாருவும் இல்லை. ஜூனிப்பரும் துயாவும் அதே பெயரில்தான் விற்கின்றன. எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். மேற்கத்தியச் செஞ்சீடாரிலுள்ள பிளிகாட்டிக் அமிலத்தால் மர அறுவை ஆலைத் தொழிலாளர்களுக்கே ஆஸ்துமா வருகிறது. காற்றோட்டமுள்ள ஆலையில் மனிதனுக்கு அந்தக் கதி என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கைப் புதைத்துக் கிடக்கும் பாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பைன் கொஞ்சம் விவாதத்துக்குரியது. 1967இல் எலியட் வெசல் என்பவர் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார். செஞ்சீடார், பைன் போன்ற மென்மரச் சீவலில் வைத்த எலிகளின் கல்லீரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் கூடியிருந்தது. பிர்ச், பீச், மேப்பிள் போன்ற மரங்களின் சீவலில் வைத்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆய்வுக்கூடங்கள் எலிப் படுக்கையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். எலி வேறு, பாம்பு வேறு, வாஸ்தவம்தான். சூளையில் உலர்த்திய பைனில் அந்த ஆவியாகும் பொருள்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும் உண்மை. அதில் ஆண்டுக்கணக்காகப் பாம்பு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூட்டையைத் திறந்ததும் பைன் வாசனை முகத்தில் அடித்தால் அது சரியாக உலரவில்லை என்று அர்த்தம். சந்தேகமில்லாத மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது நான் எதற்கு அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் துகள் ஈரம் பட்டால் உப்பும், உப்பியது பூஞ்சணம் பிடிக்கும், இரையோடு வயிற்றுக்குள் போனால் அடைக்கும். வால்நட் ஓட்டுத் துகளுக்கு முனை கூர்மை. ‘செரிக்கும்’ என்று எழுதி விற்கிற கால்சியம் மணல் ஈரத்தில் கட்டிபடும். மூன்றும் வேண்டாம்.

செயற்கைப் புல் மாதிரி ஒரு விரிப்பு வருமே, அதுவும் எனக்கு உடன்பாடில்லை. துவைத்துத் துவைத்துப் போடலாம் என்பார்கள். துவைத்தாலும் இழைக்குள் தங்கிய கழிவு முழுதாகப் போவதில்லை. பாம்புக்கு அதில் புதையவும் முடியாது. அப்புறம் அது அதற்கடியில் நுழைந்துகொள்ளும், நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆஸ்பெனும் தேங்காயும்

பெரும்பாலானோர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆஸ்பென் கடினமர வகை. சீடார், பைனில் உள்ள மணமுள்ள எண்ணெய்கள் இதில் இல்லை. எடை குறைவு, வெளிர் நிறம். கழிவு விழுந்த இடம் உடனே தெரியும், அந்த இடத்தில் சீவல் கட்டிக்கொள்வதால் ஒரு பிடியாக அள்ளிப் போட்டுவிடலாம். கார்ன் பாம்புக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை, காரணம் சுரங்கம். நீள இழைகளாகச் சீவிய ஆஸ்பெனை ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் குறையாமல் போட்டு லேசாக அமுக்கிவிட்டால் பாம்பு உள்ளே நுழைந்து போன வழி அப்படியே குழாயாக நிற்கும். ஒரு வாரத்தில் கூண்டுக்குள் ஒரு சாலை அமைப்பே உருவாகிவிடும். பகலில் பாம்பைக் காண முடியாது என்பதுதான் குறை. அது நமக்குக் குறை, பாம்புக்கு நிம்மதி. பொடிச் சில்லாக வருகிற ஆஸ்பெனில் இந்தச் சுரங்கம் நிற்காது, சரிந்துவிடும். அதோடு மூட்டையின் அடியில் தங்கும் தூசியைக் கொட்டாதீர்கள். மேலாக உதறி எடுத்துப் போடுங்கள்.

ஆஸ்பெனின் பலவீனம் தண்ணீர். நான் தெளித்துக் கெட்ட கதையைத்தான் மேலே சொன்னேன். உலர்ந்தவரை தங்கம், நனைந்தால் மூன்று நாளில் புளித்த வாடை. கிண்ணம் கவிழ்ந்தால் அந்தப் பகுதியை அன்றைக்கே மாற்ற வேண்டும். ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நிலையாக வேண்டிய எந்தப் பாம்புக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தேங்காய் மட்டையிலிருந்து வருவது இரண்டு விதம். சதுரச் சதுரமாக வெட்டிய சில்லு ஒன்று, கட்டியாக அழுத்தி வருகிற நார்த்தூள் இன்னொன்று. இரண்டுமே தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விடும், எளிதில் பூஞ்சணமும் பிடிக்காது. ஆனால் கூண்டுக்குள் இரண்டின் குணமும் வேறு.

சில்லுகளுக்கு நடுவே காற்று இடைவெளி உண்டு. அதனால் அடிப்பாகம் ஈரமாக இருந்தாலும் மேல் அடுக்கு உலர்ந்தே கிடக்கும். பைத்தானுக்கு நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். என் தப்பிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு வழி: மேலே தெளிக்காதீர்கள், கூண்டின் மூலைகளில் ஊற்றுங்கள். தண்ணீர் சுவரோரமாக இறங்கி அடியில் பரவும். மேலே பாம்பின் வயிறு படுகிற இடம் நனையாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் இரண்டு மூன்று நாளுக்குத் தாக்குப்பிடிக்கும். தெளித்தால் ஈரப்பதமானியின் முள் ஒரு மணி நேரம் எகிறிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும், செதில் மட்டும் நனைந்து கிடக்கும்.

நார்த்தூள் ஈரமாக இருக்கும்வரை அருமை. மண் மாதிரி இருக்கும், தோண்டலாம், வளை நிற்கும். காய்ந்துவிட்டால் மெல்லிய தூசி. பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் இருக்கின்றனவே, அவற்றிலும் மூக்குத் துளையிலும் போய் ஒட்டும். தண்ணீர்க் கிண்ணம் தினமும் தேநீர் நிறமாகும். தனியாகப் போடுவதைவிட மூன்று பங்கு சில்லுக்கு ஒரு பங்கு தூள் என்று கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கிறது. மட்டையை உப்புநீரில் ஊறவைத்துப் பிரித்திருந்தால் உப்பு தங்கியிருக்கும். அதனால் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசிக்கொள்வது என் வழக்கம்.

எவ்வளவு ஈரம் சரி என்று எப்படித் தெரியும்? ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். கையில் சொட்டினால் அதிகம். சொட்டாமல் உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் சரி. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மூலையில் தண்ணீர் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

இந்த வரிசையில் மூன்றாவதாக சைப்ரஸ் மரத்துருவலையும் சொல்ல வேண்டும். இயல்பிலேயே எளிதில் மக்காத மரம். ஈரத்தைத் தாங்குவதில் தேங்காய்ச் சில்லுக்கு ஈடாக நிற்கும். போவாக்களுக்கும் பைத்தான்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதில் இரண்டு தயக்கம். தோட்டத்துக்கென்று விற்கிற மூட்டையில் வேறு மரங்களும் சாயமும் கலந்திருக்கலாம், சில சமயம் சீடாரே கலந்திருக்கும். எனவே ஊர்வனவற்றுக்கென்றே வந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று, சதுப்பு நிலத்துச் சைப்ரஸ் காடுகளை வெட்டித் துருவலாக்குவது அந்த நிலங்களுக்கே கேடு என்ற எதிர்ப்பு. தேங்காய் மட்டை எப்படியும் எஞ்சுகிற பொருள். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது நான் மட்டைப் பக்கம்தான் சாய்கிறேன்.

காகிதம் என்னும் ஆஸ்பத்திரி வார்டு

பேப்பர் டவலையோ செய்தித்தாளையோ விரிப்பதைச் சிலர் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சில கட்டங்களில் காகிதம் மட்டும்தான் சரியான படுக்கை.

புதிதாக வந்த பாம்பை நான் முதலில் பேப்பர் டவலில்தான் வைக்கிறேன். குறைந்தது ஒரு மாதம். வீட்டில் ஏற்கனவே வேறு பாம்பு இருந்தால் மூன்று மாதம், தனி அறையில். வெள்ளைக் காகிதத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். ஓபியோனிசஸ் நேட்ரிசிஸ் என்ற பாம்புப் பேன் மிளகுப்பொடித் துகள் அளவே இருக்கும்; சீவலுக்குள் ஆயிரம் இருந்தாலும் கண்ணில் படாது, வெள்ளைக் காகிதத்தில் ஒன்று ஊர்ந்தாலும் தெரியும். கழிவு எப்படி இருக்கிறது, வெள்ளை யூரேட் கட்டி (கெட்டியான சிறுநீர்க் கழிவு) சரியாக இருக்கிறதா, இரையைக் கக்கியிருக்கிறதா, மூக்கிலிருந்து ஏதாவது ஒழுகியிருக்கிறதா, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். கழிவைச் சோதனைக்குக் கொடுப்பதானால் அதில் சீவலும் மண்ணும் ஒட்டாமல் சுத்தமாக எடுத்துக் கொடுக்கவும் முடியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கும், புண்ணோ தீக்காயமோ உள்ள பாம்புக்கும் இதே யோசனைதான்.

ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கேயே குடியிருக்க யாருக்கும் மனம் வராது, இல்லையா? காகிதத்தில் பாம்பு புதைய முடியாது. ஈரமும் நிற்காது. அதனால் காகிதம் போடும் காலத்தில் மறைவிடங்களைக் கூட்ட வேண்டும், கூடவே ஓர் ஈரப்பெட்டியும் வைக்க வேண்டும்: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பாம்பு நுழையும் அளவுக்கு ஓரம் தேய்த்து மழுக்கிய ஒரு துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி. கண் நீலம் பாய்ந்து சட்டை உரிக்கத் தயாராகும் பாம்பு தானே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

இந்த ஈரப்பெட்டியைக் காகிதத்தோடு மட்டும் கட்டிப்போட வேண்டாம். உலர்ந்த படுக்கையில் வாழ்கிற கார்ன் பாம்புக்கும் ஹாக்நோஸுக்கும் சட்டை உரிக்கும் வாரத்தில் இது ஒன்று இருந்தால் கூண்டு முழுவதையும் நனைக்கும் வேலை மிச்சம். பாசி மட்டும் வாரத்துக்கு ஒருமுறையாவது மாற வேண்டும்.

தோண்டுகிறவர்களுக்கு மண்

ஹாக்நோஸ் பாம்பின் மூக்கு மேல்நோக்கி வளைந்த கரண்டி மாதிரி இருக்கும். அது அலங்காரத்துக்கு வந்ததில்லை, தோண்டுவதற்கு. கென்யா மணற்போவாவோ வாழ்நாளில் பெரும்பகுதியைத் தலை மட்டும் வெளியே தெரிய மண்ணுக்குள்ளேயே கழிக்கும். இவற்றுக்கு இரண்டு விரல்கடை சீவல் போட்டுவிட்டுப் பாம்பு ஏன் சுவரை முட்டுகிறது என்று கேட்பதில் நியாயமில்லை. ஆழம் பத்து சென்டிமீட்டராவது வேண்டும், பதினைந்து இருந்தால் சந்தோஷம்.

உரமும் பூச்சிமருந்தும் வெள்ளைப் பெர்லைட் உருண்டைகளும் கலக்காத வெறும் மேல்மண் அறுபது பங்கு, கழுவிய விளையாட்டு மணல் நாற்பது பங்கு என்ற கலவையை நான் விரும்புகிறேன். பெயரில் மணல் இருக்கிறதே என்று மணற்போவாவுக்கு மணலை மட்டும் கொட்டுவது அவ்வளவு நல்லதில்லை. வெறும் மணலில் வளை நிற்காது, கழிவு கலந்து பரவும், நுண்மணல் வாயோரத்தில் உராயும். ஆழமாகப் போட்ட ஆஸ்பெனிலும் இந்த இரண்டு பாம்பும் நன்றாகவே வாழும். எது கிடைக்கிறதோ அது. மண்ணில் எடை ஒரு பிரச்சினை: கண்ணாடித் தொட்டியில் பதினைந்து சென்டிமீட்டர் மண்ணைக் கொட்டிவிட்டு நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், வைக்கிற இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உயிருள்ள படுக்கை என்று ஒன்றும் இப்போது பரவலாகிவிட்டது. அடியில் வடிகால் அடுக்கு, மேலே மண், இலைச்சருகு, செடி, அதற்குள் கழிவைத் தின்று மக்கவைக்கும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளும் ஐசோபாடுகளும். பார்க்க ஒரு துண்டுக் காடு மாதிரி இருக்கும், பொறாமையாகவும் இருக்கும். ஆனால் பாம்பை விடுவதற்கு முன் அந்தப் பூச்சிகள் பெருகி நிலைக்கச் சில வாரங்களாவது தர வேண்டும். பெரிய பைத்தான் ஒரு தடவை கழித்தால் அந்தச் சிறு பட்டாளத்தால் சமாளிக்க முடியாது. கையால் அள்ளத்தான் வேண்டும். வறண்ட கூண்டில் அவை தாக்குப்பிடிக்காது. முதல் பாம்பு வாங்குகிறவருக்கு இதை நான் சொல்வதே இல்லை. ஒரு உயிரைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் எதற்குக் கூடவே ஐந்நூறு உயிர்?

படுக்கைக்கு அடியில் இருக்கும் சூடு

படுக்கையைப் பற்றிப் பேசுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சீவலும் சில்லும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. கூண்டுக்கடியில் ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு) வைத்திருந்தால், மேலே ஆறு சென்டிமீட்டர் ஆஸ்பென் போட்டதும் மேற்பரப்பில் சூடு தெரியாது. போதவில்லையே என்று நாம் கூட்டுவோம். பாம்பு தோண்டிக்கொண்டு அடிக்கண்ணாடிக்குப் போகும், அங்கே சுடுகல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். சூட்டை உணர்ந்து உடனே விலகிவிடும் என்று நம்ப முடியாது; அடிவயிறு வெந்த பிறகும் அங்கேயே கிடந்த பாம்புகள் உண்டு.

எனவே ஹீட் மேட் இருந்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம், அதன் உணர்முனையை மேட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் வையுங்கள். படுக்கையை முழுக்க ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தாலும் 33 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி அதைத் திருப்பி வையுங்கள். ஆழமான படுக்கை வேண்டிய பாம்புக்கு அடியிலிருந்து சூடு கொடுப்பதைவிட மேலிருந்து கொடுப்பதுதான் ஒத்துவரும். காகிதம் போட்ட கூண்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: பாம்பு காகிதத்துக்கு அடியில் போய்ச் சூடான கண்ணாடியில் நேராகப் படுத்துக்கொள்ளும்.

இரையோடு ஒட்டுவது

“இரையில் ஒரு சீவல் ஒட்டி உள்ளே போய்விட்டது, என்ன செய்ய?” இந்தக் கேள்வி எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். நல்ல உடம்போடு, சரியான சூட்டில் இருக்கிற பாம்புக்கு ஒன்றிரண்டு ஆஸ்பென் இழையோ நார்த்துணுக்கோ கழிவோடு வெளியே வந்துவிடும். பதற வேண்டாம், வாயிலிருந்து பிடுங்கப் போகவும் வேண்டாம். அடிக்கடி நடந்தால்தான் தொல்லை. இரையை நன்றாக உலரத் துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து, ஒரு தட்டையான ஓட்டின் மேல் கொடுத்தால் பெரும்பாலும் ஒட்டாது. இதற்கென்று பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றி ஊட்டுவதை நான் விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்த பாம்பைக் கையில் தூக்கித் திரும்பக் கொண்டுபோய் விடுவதில், அது இரையைக் கக்கிவிடும் ஆபத்துத்தான் கூடுதல்.

பழையதிலிருந்து புதியதுக்கு

தேர்வு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மரப்பொருளை, மூட்டை சிறியதாக இருந்தால், இரண்டு நாள் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்துப் பழைய அறைச்சூடு வந்தபிறகு போடலாம். பூச்சி வராமல் இருக்க எளிய வழி இது. அப்படியும் ஈரமான சில்லில் வெளிர்நிறச் சிறு பூச்சிகள் சில நாளில் தலைகாட்டினால், அவை மரத்தைத் தின்னும் அப்பாவிகள். பாம்பின் கண்ணோரமும் தாடை மடிப்பும் கறுத்த புள்ளிகளாக இருந்தாலோ, பாம்பு பழக்கமில்லாமல் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தாலோதான் பேன் என்று சந்தேகப்பட வேண்டும்.

கழிவைப் பார்த்த அன்றே அள்ளிவிட வேண்டும், அது எந்தப் படுக்கையாக இருந்தாலும். முழு மாற்றம் ஆஸ்பெனுக்கு மாதம் ஒருமுறை; தேங்காய்ச் சில்லு இரண்டு மூன்று மாதம் தாங்கும், அழுகல் வாடை வராதவரை. காகிதத்துக்கு அழுக்கானால் உடனே.

மாற்றிய முதல் வாரத்தில் என் பைத்தான் எதையும் சாப்பிடாது. கூண்டு முழுக்க அதன் வாசனை போய்விட்டதால் அந்நிய வீட்டுக்கு வந்த மாதிரி அலையும். அதனால் இப்போதெல்லாம் பழைய சில்லில் சுத்தமான ஒரு பகுதியை இரண்டு கை அள்ளி வைத்துக்கொண்டு, புதியதைப் பரப்பியதும் அதன் மறைவிடத்துக்குள் போட்டுவிடுகிறேன். நோயோ பேனோ இருந்த கூண்டாக இருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது; எல்லாம் மூட்டை கட்டி வெளியே. மறைவிடத்தையும் கிண்ணத்தையும் பழைய இடத்திலேயே வைத்து, மூலைகளில் தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் காலியாக விட்டு ஈரப்பதமானியையும் வெப்பமானியையும் பார்த்துக்கொள்கிறேன். எண்கள் நின்ற பிறகுதான் பாம்பு உள்ளே போகும். அடுத்த சட்டை ஒரே உறையாக வந்தது. கண்மூடியும் அதோடு சேர்ந்தே போயிருந்தது.